முட்டைத் தட்டில் ஒரு ஏலக்காய்

போன ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் துறை நந்திதா நம் வீட்டுக்கு வந்து, நீங்கள் பாதியில் விட்டுப் போன முட்டைத் தட்டுகளைக் கேட்டாள். தரமாட்டேன் என்று சொன்னேன். என் பலசரக்குத் தொழிலில் 'தரமாட்டேன்' என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தமில்லை, இனிமேல்தான் தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. முகம் சுருங்கிப் போய் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

சரி, பார்த்துக்கொள்ளட்டும் என்று அலமாரி மேலிருந்து அந்த அடுக்கை இறக்கினேன். உங்கள் பழைய வேட்டியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தேன். முடிச்சை அவிழ்த்ததும் முதலில் வந்தது ஏலக்காய் வாசம். மிளகு இருக்கிறது, சுக்கு இருக்கிறது, பட்டை இருக்கிறது. அத்தனையையும் தள்ளிவிட்டு அது மட்டும் முன்னால் வந்து நின்றது. நீங்கள் போனது வைகாசியில். அதற்குள் உங்கள் சட்டைகளில் உங்கள் வாசம் போய்விட்டது. இந்த வாசம் போகவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. செத்தவரை வைத்துப் பொறாமைப்படக் கூடாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களின் புருஷன் ரொட்டீன் போட்டிருக்க மாட்டார்.

இந்த ஊரில் வகுப்பு அட்டவணைக்கு ரொட்டீன் என்றுதான் பெயர். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வங்காளத்து டாக்குரியாவுக்கு வந்த புதிதில் வீட்டு ஃபோனை எடுத்தாலே, "தாதா, ரொட்டீன் எப்போ வரும்?" என்று உங்களை அண்ணன் முறையில் கூப்பிட்டு யாராவது ஒரு வாத்தியார் கேட்பார். புள்ளியியல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்தின் ரொட்டீன் கமிட்டியும் சீதனம் மாதிரி கூடவே வந்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், முதலில் எல்லாம் வண்ண அட்டைதான். ஆபீஸில் கொடுப்பார்கள். ஒரு துறைக்குச் சிவப்பு, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்கு மஞ்சள். ஒரு வருஷம் வகுப்பு தொடங்கிய முதல் வாரமே ஒரே அறையில் இரண்டு வாத்தியார்கள் மேடை ஏறி நின்றார்கள். இரண்டு பேர் கையிலும் சாக்பீஸ். இரண்டு பேரும் இறங்க மறுத்துவிட்டார்களாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நீங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"கவனப்பிசகு" என்றீர்கள்.

நான் அடுப்படியிலிருந்து மிளகாய்க் கூடையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தேன். பச்சையும் பழுத்ததும் கலந்து கிடந்தது. "பழத்தை மட்டும் பொறுக்குங்க பாப்போம்" என்றேன். நீங்கள் கண்ணால் பொறுக்கவில்லை. ஒவ்வொன்றாக விரலில் உருட்டி, தொளதொளத்ததை ஒரு பக்கம், விறைப்பாக இருந்ததை ஒரு பக்கம் வைத்தீர்கள். எனக்குக் கல்யாணமான மாசமே தெரியும். பச்சைத் தக்காளியைப் பழம் என்று வாங்கி வந்த மனிதர்தானே நீங்கள். உங்கள் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே நிறம்.

"ஏளா, யார்கிட்டயும் சொல்லிராதே" என்றீர்கள். "கமிட்டியை விட்டுத் தூக்கிருவாங்க."

தூக்கினால் நல்லதுதானே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை. "கண்ணுக்குத் தெரியலேன்னா கைக்குத் தெரியுத மாதிரி வச்சுக்கிடுங்க. என் கடையில இல்லாத உருவமா?" என்றேன். சொன்ன வாயை அப்புறம் எத்தனை தடவை அடித்துக்கொண்டிருக்கிறேன்!

அடுத்த பருவத்துக்கு ஸ்டேஷன் பக்கத்து முட்டைக் கடையிலிருந்து ஒரு அடுக்கு அட்டைத் தட்டோடு வந்து நின்றீர்கள்.

"சைவப் பிள்ளைமார் வீட்டுக்குள்ள முட்டைத் தட்டா?"

"முட்டை எங்கே இருக்கு? வெறும் குழிதானே. எண்ணிப் பாரு முதலாளியம்மா. இந்தப் பக்கம் ஆறு, இந்தப் பக்கம் அஞ்சு. ஆறு நாளு, அஞ்சு பீரியட். ரொட்டீனுக்காகவே பகவான் செஞ்ச தட்டு."

"பகவான் அதைக் கோழிக்காகச் செஞ்சாரு."

அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு எனக்கே எனக்கானது. அந்தத் தட்டுகளை வைத்து நீங்கள் சிரித்த சிரிப்பில் என் கணக்கில் வருவது அது ஒன்றுதான். மிச்சமெல்லாம் நந்திதாவுக்குப் போயிற்று.

ஒரு அறைக்கு ஒரு தட்டு, ஒரு வாத்தியாருக்கு ஒரு தானியம். ஒரே தானியம் இரண்டு தட்டில் ஒரே குழியில் இருந்தால் மோதல். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! தரை முழுக்கத் தட்டுகளைப் பரப்பிவிட்டு நீங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்தால், நான் ஹாலைத் தாண்டிக் குளியலறைக்குப் போகச் சுவரோடு ஒட்டி நடக்க வேண்டும். புடவை பட்டு ஒரு மிளகு உருண்டால், "புதன்கிழமை போச்சே!" என்று கத்துவீர்கள்.

நந்திதா உங்கள் துறைக்கு வந்தபோது சின்னப் பெண். கமிட்டியில் உங்களுக்குத் துணையாகப் போட்டார்கள். உங்களைத் தாதா என்பாள், என்னைப் பௌதி என்பாள். அண்ணன், அண்ணி. முறை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வருஷத்துக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை. காலையில் வந்து பாயில் உட்கார்ந்தாள் என்றால் நான் அடுப்படியில், நீங்கள் இரண்டு பேரும் ஹாலில். பேச்செல்லாம் வங்காளத்தில். நீங்கள் இந்த ஊரிலேயே பிறந்தவர், உங்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்த மாதிரி. என் வங்காளம் விலை பேசுகிற வங்காளம். ஹவுரா பார்சல் ஆபீஸில் சண்டை போட, கூலிக்காரரைக் கூப்பிட, பாக்கியைக் கேட்க அது போதும். ஒரு ஹாஸ்யத்துக்கு எங்கே சிரிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. நீங்கள் இரண்டு பேரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குப் பாதி புரியும்.

"சுக்கைத் திங்கள் ரெண்டாவது பீரியட்ல போடலாமா?"

"மூணாவது மாடி தாதா."

"ஐயோ, முழங்கால்! கீழே இறக்கு. கீழே யாரு?"

"கொண்டைக்கடலை."

"அவரு நகர மாட்டாரே. அந்த ரூம்ல ஃபேன் நல்லாயிருக்கு."

"ஜெனரேட்டர் பக்கத்து ரூம் காலி."

"அங்க உக்கார வச்சா அவரு நம்ம ரெண்டு பேரையும் உக்கார விட மாட்டாரு."

இப்படியே ஓடும். ஹவுராவைத் தாண்டி லோக்கல் ரயிலில் வருகிற ஒருவர் இருப்பார், அவருக்கு முதல் பீரியட் போட்டால் ரயில் நின்ற அன்றைக்கு வகுப்பும் நிற்கும். பகுதிநேர வாத்தியார்கள் மூன்று கல்லூரியில் கால் வைத்திருப்பார்கள், வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைப்பார்கள். லேப் என்றால் மூன்று குழி சேர்ந்து வேண்டும், நடுவில் சாப்பாட்டு வேளை வரக் கூடாது. இந்தப் புதுப் பாடத்திட்டம் வந்த பிறகு இன்னும் மோசம். வரலாறு படிக்கிற பிள்ளை ஒரு பாடம் உங்களிடம் வந்து படிக்கலாமாம். ஒரே பிள்ளைக்கு இரண்டு தட்டில் கால். ஒரு கொட்டையை நகர்த்தினால் வரிசையாக ஒன்பது நகரும், கடைசியில் முதலில் நகர்த்திய கொட்டைக்கே இடம் இருக்காது.

ஒரு நாள் பார்த்துக்கொண்டே நின்று சொன்னேன்: "வியாபாரம்னா ஒருத்தனுக்காவது லாபம் இருக்கும். இதுல எல்லாருக்கும் நஷ்டம்லா."

"அதேதான்" என்றீர்கள். "யாருமே முழுசா சந்தோஷப்படலேன்னா ரொட்டீன் சரியா வந்திருக்குன்னு அர்த்தம். நஷ்டத்தைச் சமமாப் பங்கு போடுததுதான் நம்ம வேலை."

அந்தச் சமத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஏலக்காய்க்கு முதலில் வருவோம். தானியம் வாங்க நீங்கள் என் பவானிபூர் கடைக்குத்தான் வருவீர்கள், மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில். கல்லாவுக்கு இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள் என்றால் மாட்டீர்கள். வாடிக்கைக்காரர் மாதிரி அந்தப் பக்கமே நின்று, "ஒருத்தர் இருக்கார் முதலாளியம்மா" என்று ஆரம்பிப்பீர்கள். பெயர் மட்டும் சொல்ல மாட்டீர்கள். வாத்தியார் வீட்டம்மாக்கள் பாதிப் பேர் என்னிடம் காப்பிப்பொடி வாங்குகிறவர்கள், பேச்சு வெளியே போய்விடும் என்ற பயம். குணத்தைச் சொல்வீர்கள், நான் சரக்கை எடுத்து வைப்பேன்.

"எங்கே வச்சாலும் உருண்டு ஓடிருவாரு."

மிளகு.

"புருஷன் பொண்டாட்டி. தனித்தனியாத் தங்கமானவங்க. பக்கத்துப் பக்கத்துல வச்சாப் பொங்கி வழிஞ்சிரும்."

அரிசியும் உளுந்தும்.

"வயசாச்சு. காஞ்சு போயிட்டாரு. காரம் மட்டும் போகலை."

சுக்கு.

இப்படித்தான் ஒரு நாள், "ஒருத்தங்க இருக்காங்க. சின்ன ஆளு. எங்கே போட்டாலும் பொருந்தும், யாரோடயும் மல்லுக்கு நிக்காது. ஆனா அது இல்லேன்னா பாயசம் பாயசமா இருக்காது" என்றீர்கள். நானும் சிரித்துக்கொண்டே, டப்பாவைத் துழாவி, நல்ல பருத்த பச்சைக் காயாகப் பார்த்து உங்கள் உள்ளங்கையில் வைத்தேன். "முதல் தரம். கெடாது" என்று வாழ்த்து வேறு.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி கொண்டுவருகிறேன், நந்திதா அந்த ஏலக்காயை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்: "தாதா, என்னை ஏன் புதன்கிழமை முழுக்க நிக்க வச்சிருக்கீங்க?"

என்னை, என்றாள்.

அவ்வளவு வங்காளம் எனக்குப் புரியும். டம்ளரை வைத்துவிட்டு, சர்க்கரைக் கிண்ணத்தைக் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பிப் போனேன். அன்றைக்கு அவள் காப்பியில் சர்க்கரை விழவில்லை. அவளும் ஒன்றும் கேட்காமல் குடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு உங்களைக் கேட்டேன்.

"உங்க தட்டுல நான் என்ன?"

நீங்கள் நிஜமாகவே திகைத்துப் போனீர்கள். "நீ எதுக்கு ஏளா தட்டுல? நீ கடைல்லா. எல்லாத்தையும் தாரவளே நீதானே."

நல்ல பதில்தான். வேறு ஒருத்திக்கு அது போதுமாக இருந்திருக்கும். எனக்கு அன்றைக்கும் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. கடை என்பது வந்து வாங்கிக்கொண்டு போகிற இடம். கடையில் யாரும் பாய் விரித்து உட்கார்ந்து சிரிப்பதில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு உங்களையோ அந்தப் பெண்ணையோ யாரும் தப்பாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. தப்பு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தப்பு இருந்திருந்தால் நான் பேச வேண்டிய விதமே வேறு, பேசியும் இருப்பேன். என் பொறாமைக்குக் காரணம் அதைவிடச் சின்னது. உங்கள் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று அவளுக்குப் பாதி வாக்கியத்தில் புரிந்தது. எனக்கு முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது.

உங்களுக்கான இரங்கல் கூட்டத்தைப் பல்கலைக்கழகத்திலேயே வைத்தார்கள். படத்துக்கு ரஜனிகந்தா என்கிற சம்பங்கி மாலை போட்டு, இரண்டு பேர் பாடி, பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். என்னை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். நந்திதா எழுந்து நின்று, அழுதுகொண்டே, ஒன்று சொன்னாள். ஒவ்வொரு பருவமும் காலித் தட்டுகளைப் பரப்பியதும் தாதா செய்கிற முதல் காரியம், தன் புளியங்கொட்டையை எடுத்துச் சனிக்கிழமை கடைசிப் பீரியடில் வைப்பதுதான். யாருக்கும் பிடிக்காத அந்தக் குழியைத் தனக்கு வைத்துக்கொண்ட பிறகுதான் மற்றவர்களைத் தொடுவார். அதனால்தான் அவர் போட்ட ரொட்டீனை எதிர்த்து யாரும் வாய் திறந்ததில்லை.

எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நான் துடைக்கவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு.

என்னிடம் நீங்கள் என்ன சொல்லியிருந்தீர்கள்? "இந்தத் தடவையும் சனிக்கிழமை கடைசி எனக்கு விழுந்துட்டு ஏளா." விழுந்துட்டு! மேலேயிருந்து யாரோ போட்ட மாதிரி. நானும் நம்பினேன். சனிக்கிழமை சாயந்திரம்தான் கடையில் கூட்டம் நெரியும். ஆபீஸ்காரர்கள் மறுநாள் இட்லிக்கு மாவு வாங்க வருவார்கள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் கல்லாவில் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கடையைக் கட்டிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்து வீட்டுக்குப் போவோம் என்று எத்தனை வருஷம் கேட்டிருப்பேன். நீங்கள் அந்த நேரத்தில் பாதிப் பிள்ளைகள் ஓடிப்போன வகுப்பில் நின்றுகொண்டிருந்தீர்கள், நீங்களே எடுத்து வைத்துக்கொண்ட குழியில். ஊர் அதைத் தியாகம் என்கிறது. தியாகி நீங்கள்தான், செலவானது என் சனிக்கிழமை.

அதையும் அவள் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது பாருங்கள்.

அவள்தான் போன ஞாயிற்றுக்கிழமை வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். பல்கலைக்கழகம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த ரொட்டீனாம்.

"மோதல் ஒண்ணுகூட இல்லை பௌதி. ஆனா சுக்கு மூணாவது மாடிக்கு ஏறியாச்சு. உளுந்தும் அரிசியும் ஒரே ரூம்ல அடுத்தடுத்த பீரியட். லோக்கல் ரயில்காரருக்கு வாரம் பூரா முதல் பீரியட்."

"மிஷின் சரியில்லைன்னு சொல்லுதியா?"

"மிஷின் மேல தப்பில்லை. சொன்னாக் கேட்கும். சொல்றதுக்குத்தான் ஆள் இல்லை. தாதா ஒண்ணையும் எழுதி வைக்கலையே."

இதைக் கேட்டதும் உங்கள் மேலும் எனக்கு எரிச்சல். எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன், எழுதாத சரக்கு இருப்பில் இல்லாத சரக்கு என்று!

"அடுத்த வாரம் வகுப்பு தொடங்குது. தட்டுல பாதிக்கு மேல தாதா முடிச்சிருக்காரு. கொண்டுபோய் அப்படியே ஏத்திடறேன். இல்லைன்னா ஃபோட்டோவாவது எடுத்துக்கறேனே?"

"சாமானை ஃபோட்டோ எடுத்துட்டு வாங்காமப் போறவங்களை நான் கடைக்குள்ளயே விடுததில்லை."

அவள் சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள். குனிந்து தட்டுகளைப் பார்த்தவள், விரலை ஒரு குழியின் மேல் நிறுத்தினாள்.

"இது என்ன? பட்டையா? இது யாரு?" அப்புறம் இன்னொன்று. "கருஞ்சீரகம். இவரும் யாருன்னு தெரியலை. புதுசா சேர்ந்தவங்க ரெண்டு பேர் இருக்காங்க. தாதா எங்கிட்ட சொல்றதுக்குள்ள…"

எனக்கு, வெட்கமில்லாமல் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. எனக்குத் தெரியுமே! அந்த இரண்டையும் வாங்க நீங்கள் கடைக்கு வந்தது உங்கள் கடைசி வாரத்தில்தானே.

"பட்டையா?" என்றேன், மெதுவாக. "சுருண்டே கிடக்கும். கொதிக்க வச்சாத்தான் உள்ள இருக்குத வாசம் வெளிய வரும்."

நந்திதா நிமிர்ந்தாள். "முர்ஷிதாபாத் பொண்ணு! வாயே திறக்காது. ஆனா வகுப்புல பின்னி எடுக்குதுன்னு பிள்ளைங்க சொல்றாங்க."

"கருஞ்சீரகம், ஒரு சிட்டிகை நல்லது. ரெண்டு சிட்டிகை போட்டா எல்லாத்தையும் அடிச்சிரும்."

"ஐயோ, அவரேதான்! அவருக்கு அடுத்தடுத்து ரெண்டு பீரியட் குடுத்தா பிள்ளைங்க சுவரேறிக் குதிச்சிரும்."

இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டோம். வங்காளத்தில், சரியான இடத்தில், நானும். சிரித்து முடித்த பிறகுதான் அடடா, எதிரியோடு சிரித்துவிட்டோமே என்று தோன்றியது.

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "நாங்க டிபார்ட்மெண்ட்ல சொல்லிச் சிரிப்போம் பௌதி. கலர் அட்டை எல்லாருக்கும் வசதியாத்தான் இருந்தது. தாதாவுக்கு மட்டும் தானியம்தான் வேணும். பௌதி கடையைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டே சுத்தறார், அவ்வளவு பிரேமம்னு."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். இத்தனை வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ரொட்டீன் போட்டவளுக்கு உங்கள் கண்ணைப் பற்றித் தெரியாது. என் பொறாமைக்கெல்லாம் ஆணிவேர் அதுதான். மிளகாய்க் கூடை முன்னால் என்னிடம் சொன்னதையும் அவளிடம் சொல்லியிருப்பீர்கள், எனக்கென்று தனியாக ஒன்றும் மிச்சமிருக்காது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. தலைவலி பிடித்த ஞாயிற்றுக்கிழமைகளில்கூட, எது சிவப்பு எது பச்சை என்று அவளிடம் ஒரு தடவை கேட்டதில்லை.

ஊரே பிரேமம் என்று நினைத்து வாங்குகிற சரக்கை, இல்லை, இது வெறும் கண் கோளாறு என்று சொல்லி விலையைக் கெடுக்க நான் என்ன முட்டாளா? அவர்கள் நினைத்தது பொய்தான் என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை. உருவம் வேண்டுமென்றால் சட்டைப் பொத்தான் இருந்தது, ஆணி இருந்தது. நீங்கள் கடைக்குத்தான் வந்தீர்கள்.

ஆனால் ஏலக்காய் ஏலக்காய்தானே. அதை நான் விடுவதாக இல்லை. "இதை மாத்தணும். உனக்கு வேற தாரேன்" என்று எழுந்துபோய், அடுப்படியிலிருந்து வேண்டுமென்றே வெந்தயத்தை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் கொட்டினேன். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தாள். மூஞ்சி கோணியது.

"தெத்தோ!" என்றாள். கசப்பு என்று அர்த்தம். எனக்குத் திருப்தி. ஆனால் அவள் மென்று விழுங்கிவிட்டு, "பரவாயில்லை பௌதி. எங்க சாப்பாடே கசப்புலதானே ஆரம்பிக்கும். முதல் கவளம் குடுத்திருக்கீங்க" என்றாள்.

இந்த ஊர்க்காரர்களோடு பேரம் பேச இன்னொரு ஜென்மம் எடுக்க வேண்டும்.

மிச்சமிருந்தது சனிக்கிழமை. தரைத்தள அறையின் தட்டில், கடைசி வரிசையின் கடைசிக் குழியில் உங்கள் புளியங்கொட்டை உட்கார்ந்திருந்தது. உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொண்டது. ஒன்றுக்கும் உதவாது, ஆனால் கீழே விழுந்தால் முளைத்துவிடும் என்று சொல்லி எடுத்துக்கொண்டீர்கள். நந்திதா அதைத் தொடாமல், அதற்குப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இந்தப் பீரியடை நான் எடுத்துக்கறேன் பௌதி. இனிமே எப்பவும். தாதாவோட இடம்."

"உங்க வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டேன்.

"அம்மா. படுக்கையில இருக்காங்க."

"சனிக்கிழமை சாயந்திரம் யாரு பாத்துக்கிடுதா?"

"நான்தான். ஆயாவுக்கு அன்னிக்கு லீவு."

"அம்மாகிட்ட கேட்டியா?"

அவள் குழிப் பக்கத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"அவரும் என்கிட்ட கேக்கலை" என்றேன்.

கீழே ரயில்வே கேட்டில் வண்டி போகிற சத்தம் கேட்டது. அவள் கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்தாள். நான் தட்டிவிடவில்லை. எனக்கு அவள் மேல் இப்போதும் பொறாமைதான், அது இனிமேல் போகிற சரக்கு இல்லை. உங்களோடு அவள் உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமைகளை எனக்கு யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் இன்னொரு வீட்டின் சனிக்கிழமையை அந்தக் குழிக்குள் போட என் கடையிலிருந்து கொட்டை தர மாட்டேன். அதை அவளுக்குப் புரிகிற வங்காளத்தில், விலை பேசுகிற வங்காளத்தில், சொன்னேன்.

அப்புறம் ரசம் வைத்துச் சோறு போட்டேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் பேசி முடித்துவிட்டோம்.

தட்டுகள் இந்த வீட்டு வாசலைத் தாண்டாது. அவள் இங்கே வந்து பார்த்து மிஷினில் ஏற்றிக்கொள்வாள், ஒவ்வொரு பருவமும். தானியத்துக்குப் பேர் அவள் சொல்வாள், குணம் நான் சொல்வேன், இரண்டையும் எழுதி வைப்போம். சிரிப்பதானால் எனக்கும் புரிகிற மாதிரி சிரிக்க வேண்டும். சாப்பாடு என் பொறுப்பு. வெந்தயம் அவளுக்கு, ஏலக்காய் என் டப்பாவுக்கு. சனிக்கிழமை கடைசிப் பீரியட் யார் தலையிலும் நிரந்தரமாக விழாது, ஆளுக்கு ஒரு பருவம், அதுவும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்ட பிறகு. புளியங்கொட்டை எனக்கு. சனிக்கிழமை சாயந்திரம் அது கடையில், கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருக்கும்.